காலஞ்சென்ற லியோனுக்குப் பேர் போட்ட கதை

லியோன் ஜெயிலுக்குப் போன காரணம் வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெட்டுக்குத்து என்றாலாவது ஊர் கொஞ்சம் பயந்து வழி விடும். இவன் போனது ஒரு கண்ணாடித் துண்டுக்காக. ஏதோ ஒரு பழைய லாரியின் நீல விளக்கு உடைந்து ஆற்றில் விழுந்து, தண்ணீர் அதை உருட்டி உருட்டி மழுக்கி வைத்திருந்தது. நீலக்கல் என்று நம்பி எடுத்தான். ஒரு வாரம் தலையணைக்குள் வைத்துப் படுத்தான். எட்டாம் நாள் அது கண்ணாடி என்று தெரிந்தது. ஒன்பதாம் நாள் அதையே நீலக்கல் என்று சொல்லி இரத்தினபுரியில் ஒரு வியாபாரியிடம் விற்றான்.

"ஒரு நாளு முந்திப் புடிச்சிருந்தா வெறும் மடையன்னு விட்டிருப்பாங்க. ஒரே நாள்ல மடையனுக்குக் குற்றவாளின்னு புரமோஷன் குடுத்துட்டாங்க," என்று பிறகு அவனே சொல்லிச் சிரிப்பான். கேட்பவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிட வேண்டும் என்பது அவன் ஜெயிலில் கற்ற வித்தை.

கற்றது இன்னும் ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும் அங்கே ஆள் கணக்கெடுப்பார்கள். பேரைக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து, கையை ஒட்டி வைத்துக்கொண்டு, "இன்னவா சார்" என்று கத்த வேண்டும். சிங்களத்தில் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். மெதுவாகச் சொன்னால் இல்லை என்று எழுதிவிடுவார்கள், பிறகு மொத்தப் பேரும் திரும்ப உட்கார்ந்து முதலில் இருந்து எண்ணிக்கை. அதனால் லியோன் நன்றாகக் கத்துவான். இரண்டரை வருஷம், நாளைக்கு இரண்டு தடவை. தூக்கத்தில் கூப்பிட்டாலும் எழுந்து கத்துகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

வெளியே வருவதற்கு முன் மஷூர் சாரின் வகுப்பு நடந்தது. மாவனல்லைக்காரர், மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசினால் தொண்டை வலிக்கும் என்பது போலப் பேசுவார். விடுதலையாகப் போகிற அப்பாமாருக்கு வாரம் ஒரு தடவை வந்து, வீட்டோடு எப்படி ஒட்டிக்கொள்வது, வேலை எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தார்.

"போன ஒடனே புள்ளய இழுத்துக் கட்டிப் புடிக்க வாணாம். புள்ளையின்ட ஒலகத்துக்குள்ள மெதுவாப் போங்க. கதவத் தட்டிட்டுப் போங்க," என்றார். லியோன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். கீழே கோடும் போட்டான். அந்தக் காலத்திலேயே இப்படி எழுதியிருந்தால் தோட்டப் பாடசாலை வாத்தியார் சந்தோஷத்தில் அழுதிருப்பார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், பலாங்கொடையில் இருந்து பஸ் ஏறி, ஹீன்கந்தை தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தான். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிராவின் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆனாலும் பாடம் பாடம்தானே. திறந்திருந்த கதவைத் தட்டினான்.

உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வயதில் அவன் விட்டுப் போன மகள், இப்போது பதின்மூன்றாம் வயதை எட்டியிருந்தாள். கழுத்தும் கையும் நீண்டு, பார்வை அப்படியே அவன் அம்மா மாதிரி இருந்தது.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க," என்றாள் அக்ஸா. கொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து லியோன் அந்த வீட்டில் 'அவரு' ஆனான். "அம்மா, அவருக்குச் சோறு போடுங்க." "அம்மா, அவரு சோப்ப நனைச்சு வச்சிருக்காரு." ஒரே காம்பிராவில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு, அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் தன் அம்மா ரோஷானி வழியாகவே சொன்னாள். ரோஷானியும் தபாற்காரி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு கொடுத்தாள்.

ரோஷானி இவனைத் திட்டவில்லை. வந்த அன்று இரண்டு கன்னத்திலும் ஓங்கி ஒவ்வொன்று வைத்தாள், பிறகு தேத்தண்ணி கொடுத்தாள். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. மகளின் கணக்குத்தான் முடியவில்லை. லியோனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நாலு பேர் முன்னால் 'இது எங்கப்பா' என்று அந்தப் பிள்ளை வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அது போதும், கட்டிப்பிடிக்கவெல்லாம் வேண்டாம்.

அதற்கு முதலில் ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தான். ஜெயிலுக்கு முன்னால் அங்கே டிராக்டர் ஓட்டியவன், அந்தத் தைரியத்தோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனான். கணக்கப்பிள்ளை இவனை மேலும் கீழும் பார்த்தார்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆளைக் கூப்பிடுகிற பெயர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலை செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் ஏறுவதுதான் பேர். பறித்த தேயிலைக் கொழுந்து நிறைந்தால் முழுப் பேர், நிறை குறைந்தால் அரைப் பேர். பேர் போட்டால்தான் சோறு.

"ஜெயிலுக்குப் போனவனுக்குப் பேர் போட ஏலாதுப்பா," என்றார் கணக்கப்பிள்ளை. "அதுவும் கல்லு கேஸ். நாளைக்கு டிராக்டரயே வித்துட்டு இது பென்ஸ் காருன்னு சொல்லுவ."

லியோனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நல்ல கிண்டல், அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பாதி வழியில்தான் சுரீர் என்று உறைத்தது.

அன்று ரோஷானிக்கும் நிறை குறைந்துபோயிருந்தது. "எனக்கு இன்னைக்கு அரைப் பேருதாங்க," என்று முதுகை நிமிர்த்தமுடியாமல் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு அரை, எனக்கு சைபர். ரெண்டயும் கூட்டுனாலும் அரைதான்," என்றான் லியோன். அக்ஸா பின்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பாளோ என்று பார்த்தான். சிரிக்கவில்லை.

கடைசியில் மஷூர் சாருக்குத்தான் போன் போட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. அவரோ இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, பலாங்கொடை டவுனில் பேக்கரி வைத்திருக்கிற ஹுஸைன் முதலாளியிடம் அன்றைக்கே பேசிவிட்டார்.

ஹுஸைன் முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். முகத்தில் எப்போதும் மாவு. "மஷூர் எல்லாம் செல்லிட்டாரு. எனக்கு ஒளிக்கத் தேவல்ல," என்றார். "அங்க இருந்து வந்தவங்கள்ல ஒரு நல்ல விஷயம் ஈக்குது. விடியச் சாமம் எழும்புவாங்க. இங்க மத்தவனுங்கள எழுப்ப எனக்கு வாளித் தண்ணி வேணும். சரி, வாற திங்கக்கெழம வா, லியோன்."

பேரைக் கேட்டதுதான் தாமதம். கால் தானாக ஒட்டியது, கை தானாக நேரானது. "இன்னவா சார்!" என்று பேக்கரி அதிரக் கத்தினான். உள்ளே மாப் பிசைந்துகொண்டிருந்தவர்கள் மாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். முதலாளி கையில் இருந்த தேத்தண்ணி அவர் இடுப்புச் சாரத்தில் கொட்டியிருந்தது.

"இன்னவா தான்யா நீ," என்றார் முதலாளி சாரத்தை உதறிக்கொண்டே. பேக்கரியில் அன்றிலிருந்து அவனுக்கு அதுவே பட்டப்பெயர்.

வேலை சூன் பான் வண்டி ஓட்டுவது. முச்சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பான் என்கிற ரொட்டியும் பனிசு என்கிற பன்னும், மேலே ஒரு ஸ்பீக்கர். பாட்டைப் போட்டுக்கொண்டு சந்து சந்தாகப் போனால் சனம் சத்தம் கேட்டு வெளியே வரும். லியோனுக்கு அந்த வண்டி பிடித்துப்போனது. இத்தனை நாள் எண்ணிப் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள். இப்போது சிரித்துக்கொண்டு வந்து சூடு இருக்கா என்று கேட்டார்கள்.

ஒரு சங்கடம்தான். போகிற பாதையில் அக்ஸாவின் பள்ளிக்கூடம் இருந்தது. "அந்தப் பக்கம் அவரு வரக் கூடாதாம்," என்று ரோஷானி ஏற்கெனவே தபால் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது, படட்டும், பட வேண்டியதுதானே என்று லியோன் நினைத்தான். பாதையை மாற்ற முடியாது, அதனால் பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜம் முன்னாலேயே பாட்டை நிறுத்திவிடுவான். தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொள்வான். பாட்டில்லாத சூன் பான் வண்டி திருட்டு வண்டி மாதிரியே இருக்கும். ஒரு நாள் போக்குவரத்துப் பொலிஸ்காரர் சந்தேகப்பட்டு மறித்து, பனிசுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, இரண்டைத் தின்றுவிட்டு அனுப்பினார்.

முதல் மாதச் சம்பளத்தில் அக்ஸாவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினான். கடைக்காரர் எத்தனையாம் நம்பர் என்று கேட்டபோது கையை விரித்து, "இம்புட்டு இருக்கும்" என்று காட்டினான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த அளவு பத்து வயதுப் பிள்ளையின் பாதத்து அளவு. இரண்டரை வருஷத்தில் கால் வளரும் என்பதுகூட அந்த மண்டைக்கு எட்டவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், வாசலில் ஏற்கெனவே புத்தம் புதுச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. அக்ஸா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

"இது யாரு வாங்குனது?" என்று கேட்டான்.

ரோஷானி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஸ்கூல்ல குடுத்தாங்க. ஏதோ ஒரு சங்கத்துல இருந்து வந்து, அப்பா இல்லாத புள்ளைங்களுக்குக் குடுத்தாங்களாம்."

"அதுவும் சரிதான். நான் இல்லாமத்தானே இருந்தேன்."

"அந்த மாதிரி 'இல்லாத' இல்லீங்க." ரோஷானி கரண்டியை வைத்தாள். "செத்துப்போன அப்பாமாரு உள்ள புள்ளைங்களுக்கு."

லியோன் கையில் இருந்த சின்னச் சப்பாத்தைப் பார்த்தான்.

"நான் செத்துட்டேனா?"

"போன வருஷம் டவுன் ஸ்கூலுக்கு மாத்துனோம்ல, அப்ப சொல்லிட்டா. எனக்கே பொறவுதாங்க தெரியும். அடிச்சிருக்கணும். எனக்குக் கை வரல. வெளிநாடுன்னு சொல்லியிருக்கலாமேடின்னு கேட்டேன். ஒண்ணும் பேசல. வெளிநாட்டு அப்பான்னா சாமான் பெட்டி அனுப்பணும், போன் போடணும், அதெல்லாம் நாம எங்க போறதுன்னு நெனச்சிருப்பா."

"எப்படிச் செத்தேன்?"

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப?"

"இல்ல, சொல்லு. தெரிஞ்சுக்கணும்ல."

"பலா மரத்துல இருந்து விழுந்து."

லியோனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பலா மரமா? எனக்கு ஏணியில ஏறுனாலே தல சுத்தும். என்னயப் போயி மரத்துல ஏத்திக் கொன்னிருக்காளே! நெஞ்சு வலின்னு சொன்னா என்ன கொறஞ்சுபோச்சு? ஒரு மரியாதையாவது இருக்கும்."

ரோஷானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். லியோனும் சிரித்தான். பிள்ளையின் உலகத்துக்குள் மெதுவாகப் போங்க என்றார் மஷூர் சார். அந்த உலகத்தில் இவனைப் புதைத்தே ஒரு வருஷமாகிவிட்டது. கதவைத் தட்டுவது யாராம், பேயா?

அன்று முதல் லியோன் செத்த மனிதனுக்குரிய ஒழுக்கத்தோடு நடந்துகொண்டான். உயிரோடு இருப்பது தெரிந்தால் சப்பாத்து மட்டுமா போகும், அந்தப் பிள்ளை பொய்க்காரி என்று பள்ளிக்கூடம் பூராவும் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் டவுனில் அக்ஸாவின் பள்ளிக்கூடச் சீருடையைக் கண்டால் வண்டிக்குள் குனிந்தான். சின்னச் சப்பாத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். மகளிடம் அது பற்றி வாயே திறக்கவில்லை. தான் உயிரோடு இருந்து பிள்ளைக்குச் செய்ததை விடச் செத்துப்போய் அதிகம் செய்திருப்பதாக அவனுக்கே தோன்றியது.

இப்படியே செத்த மாதிரி இருந்திருப்பான். நவம்பர் இரண்டாம் தேதிதான் கெடுத்தது.

கல்லறைத் திருநாள். சுற்றி இருக்கிற தோட்டங்களில் இருந்தெல்லாம் கத்தோலிக்கச் சனம் டவுன் மாதா கோயிலுக்கு வரும். பூசை முடியும்போது உபதேசியார் இறந்தவர்கள் பேரை ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தந்தக் குடும்பம் எழுந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைக்கும். லியோனின் அம்மா அங்கேதான் அடக்கம். போகாமல் இருக்க முடியாது.

"அவரு வரட்டும். ஆனா பின்னால ஒக்காரணும். எங்ககூட வந்த மாதிரி இருக்கக் கூடாது," என்று தபால் வந்தது. லியோன் முந்தின பஸ்ஸில் தனியாக வந்து, கடைசி வாங்குப் பலகையில், கதவோரம், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். முன்னால் நாலாவது வரிசையில் அம்மாவும் மகளும். இன்னும் முன்னால், அக்ஸாவின் வகுப்பு ஆசிரியை பிலோமினா டீச்சர். கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். நல்ல மனுஷி. அந்த நல்ல மனசுதான் வம்பாகப் போனது.

உபதேசியார் வாசித்துக்கொண்டே போனார். நீண்ட பட்டியல். லியோன் காலை நாலு மணிக்கே எழுந்து பான் அடுக்கியவன். மெழுகுவர்த்தி வெக்கை, மின்விசிறிச் சத்தம், ஒரே தாளத்தில் பேர் வாசிக்கிற குரல். கண் சொக்கியது. அம்மாவின் பேர் வந்தபோது ரோஷானி எழுந்து ஏற்றியதைப் பாதிக் கண்ணால் பார்த்தான். பிறகு அந்தப் பாதியும் மூடிக்கொண்டது.

"ஹீன்கந்தை தோட்டம், லியோன்," என்றார் உபதேசியார் ஒலிவாங்கியில்.

"இன்னவா சார்!"

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள், கையை ஒட்டி வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மாதா சொரூபத்தைப் பார்த்து எழுந்து நின்றான். கோயில் முழுக்கத் திரும்பியது. யாரோ ஒரு அம்மா "யேசுவே!" என்று அலறினாள். மெழுகுவர்த்தி ஒன்று கீழே விழுந்து உருண்டது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். உபதேசியார் தாளைப் பார்த்தார், லியோனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஒலிவாங்கியை அணைக்க மறந்துபோய், "உசுரோட உள்ளவங்க பேர யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார்.

அப்போதுதான் லியோனுக்கு முழு விழிப்பு வந்தது. தோட்டத்தில் போடமாட்டேன் என்ற பேரைக் கோயிலில் போட்டிருக்கிறார்கள். போட்டதும் போட்டார்கள், செத்தவர்கள் செக்ரோலில். அதற்கும் இவன் கடமை தவறாமல் ஆஜராகிவிட்டான். இப்படி ஒரு மடையனை அந்தக் கோயில் முதல் கல் வைத்த நாளில் இருந்து பார்த்திருக்காது.

பிலோமினா டீச்சர் மெல்லத் திரும்பி நாலாவது வரிசையைப் பார்த்தார். அப்பா இல்லாத பிள்ளைதானே, ஒரு வர்த்தி ஏற்றட்டும் என்று பாவப்பட்டு அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அக்ஸா தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். அக்ஸா எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நடுவழியாக ஓடி வெளியே போய்விட்டாள். லியோனைத் தாண்டித்தான் ஓடினாள். கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம்.

சாயங்காலம் வீட்டில் அக்ஸா ரோஷானியிடம், "கோயில் வாசல்ல டீச்சர் கண்டுட்டாங்க. நாளைக்கு வரச் சொன்னாங்க," என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

"நான் போறேன்," என்றான் லியோன். பிறகு மகள் பக்கம் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னான். "பயப்படாத பாப்பா. நான் பெரியப்பான்னு சொல்லிக்கிறேன். நீ சொன்னது பொய்யாப் போகாது. நான் நல்லாப் பொய் சொல்லுவேன், கோர்ட்டுலயே அத ஒத்துக்கிட்டாங்க."

வர வேண்டாம் என்று தபால் ஒன்றும் வரவில்லை.

திங்கள் காலை, ஹுஸைன் முதலாளியிடம் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு, பான் வண்டியோடேயே பள்ளிக்கூடத்துக்குப் போனான். ரோஷானி மலையில் வேலைக்கு நின்றிருந்தாள். அக்ஸா வாசலில் நின்று, இவனைக் கண்டதும் முன்னால் நடந்தாள். பத்தடி இடைவெளி விட்டு லியோன் பின்னால் போனான்.

டீச்சர்மார் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பிலோமினா டீச்சர் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"நீங்க யாருங்க?"

லியோன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை எடுத்துவிட்டான். "நான் அக்ஸாவோட பெரியப்பாங்க டீச்சர். செத்துப்போன லியோன் என் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. நேத்துக் கோயில்ல அவன் பேரக் கேட்டதும் பாசத்துல எந்திரிச்சுட்டேன்."

"உங்க பேரு?"

இதை யோசித்து வைக்கவில்லை. அதுதான் லியோன். "லியோனுங்க."

"தம்பி பேரு?"

"அவனும் லியோன் தாங்க. அவன் சின்ன லியோன், நான் பெரிய லியோன். எங்க அப்பாவுக்கு வேற பேரு தெரியாதுங்க."

பக்கத்து மேசை டீச்சர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பிலோமினா டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் அக்ஸாவைப் பார்த்தார். லியோனும் பார்த்தான். போதும் பாப்பா, தலையை மட்டும் ஆட்டிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணால் கெஞ்சினான்.

"பொய் டீச்சர்," என்றாள் அக்ஸா. "இது எங்கப்பா."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஜெயில்ல இருந்தாரு. ஆகஸ்ட்ல வந்தாரு. செத்துட்டாருன்னு நான் தான் சொன்னேன். பலா மரமும் நான் சொன்னது தான். அவருக்கு மரமேறத் தெரியாது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். "இத வேற யாருக்காவது குடுத்துருங்க டீச்சர்."

"அதக் கழட்டாத. அதெல்லாம் நான் பேசிக்கிறேன்," என்று டீச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். குரல் இறங்கியிருந்தது. "ஏன்டிம்மா இப்படிச் சொன்ன? அப்பா வெளிநாட்டுலன்னு சொல்லியிருந்தா ஆச்சு. இங்க எத்தன புள்ளைங்க சொல்லுது."

அக்ஸா அவிழ்ந்த நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெளிநாடுன்னா எப்ப வருவாருன்னு கேப்பாங்க டீச்சர். கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எனக்குத் தெரியாது. எனக்கு யாருமே சொல்லல. அம்மாகிட்ட கேட்டா அழுவாங்க. செத்துட்டாருன்னா யாரும் கேக்கமாட்டாங்கல்ல."

லியோனிடம் எதற்கும் ஒரு கிண்டல் இருக்கும். கணக்கப்பிள்ளைக்கு இருந்தது, பொலிஸ்காரருக்கு இருந்தது, தன் சாவுக்கே இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. தீர்ப்புச் சொன்ன அன்று கோர்ட்டில், எத்தனை வருஷம் என்று நீதவான் சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்து கேட்டவன் இவன்தான். அந்தக் கணக்கை இவன் தெரிந்து வைத்திருந்தான், ரோஷானி தெரிந்து வைத்திருந்தாள், ஜெயில் புத்தகத்தில்கூட எழுதியிருந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ரோஷானி பார்க்க வரும்போதெல்லாம், புள்ளையைக் கூட்டிட்டு வராதே, என்னை இப்படிப் பார்க்கக் கூடாது என்று இவன்தான் சொல்லியனுப்பினான். பெரிய மானஸ்தன்.

"தப்பு என்னோடதுங்க டீச்சர்," என்றான். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று கிடந்து தவித்த சொல்லை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். நின்று அனுபவிக்கத்தான் முடியவில்லை.

டீச்சர் பதிவுப் புத்தகத்தை இழுத்து, தந்தை பேருக்கு முன்னால் இருந்த 'காலஞ்சென்ற' என்பதைக் குறுக்கே வெட்டினார். தொழில் என்ன என்று கேட்டார். பான் வண்டி என்று அக்ஸாவே சொன்னாள். டீச்சர் எழுதிக்கொண்டார். இரண்டாவது பாடத்துக்கு மணி அடித்தது.

வராந்தாவில் அக்ஸா நின்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக நேரே அவனைப் பார்த்துப் பேசினாள்.

"திரும்பப் போவீங்களா?"

"போகமாட்டேன் பாப்பா. சத்தியமா."

அவள் அதை நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"போனா, எத்தன நாளுன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போங்க," என்றாள். சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள். லியோன் பள்ளிக்கூட வராந்தாவில், போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பார்க்க, சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்று அழுதான்.